எறங்கிடிச்சி என்றவர்

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி அவருக்கு ஒன்பது கண்ணீர் அஞ்சலி பேனர் வைத்திருந்தார்கள். கணக்கு டீச்சர் புத்தி, எண்ணிவிட்டேன். ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் ஒன்று, பூக்கட்டும் பெண்கள் சேர்ந்து ஒன்று, எங்கள் ஊரான பெருநகரிலிருந்து தெருக்காரர்களே ஒன்று. ஒன்றில் ‘எங்கள் தைரியமே’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அதைப் படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் வீட்டுக்காரர் காலையிலேயே மாலை வாங்கிக்கொண்டு போய்விட்டார். மாமியாரும் கூடப் போனார். நீ ஏன் வரவில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் தலைவலி என்றேன். தலைவலி ஒன்றும் இல்லை. இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு அவர்மேல் கோபம் தீரவில்லை, அவ்வளவுதான்.

நாங்கள் அவரை லேப் சார் என்போம். பெயர் எதற்கு? ஒன்பது பேனரில் இருக்கிறது, அது போதும்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம் ஒற்றை அறையில் ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருந்தார். ஒரு பெஞ்சு, ஒரு பழைய ஃப்ரிட்ஜ், பகலிலும் எரியும் டியூப்லைட். சர்க்கரை, சிறுநீர் மாதிரி சின்னச் சோதனைகளை அவரே செய்வார். பெரிய சோதனைக்கெல்லாம் காலையில் ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, காஞ்சிபுரம் பஸ்ஸில் கொடுத்தனுப்புவார். அங்கே இருக்கிற பெரிய லேபிலிருந்து சாயங்காலம் போனில் முடிவு வரும். அதை முத்து முத்தான கையெழுத்தில் தன் லெட்டர்பேடில் எழுதிக் கொடுப்பார். டாக்டரிடம் காட்டிக் கேட்பதுதான் முறை. ஆனால் டாக்டரைப் பார்க்கிறவரை யாருக்குப் பொறுமை இருக்கிறது? காகிதம் அவர் கையில் இருக்கும்போதே, இன்னா சார் கீது என்று கேட்டுவிடுவார்கள். அவரும் சொல்லிவிடுவார். ரத்தம் எடுப்பதல்ல, அந்தச் சொல்லுதல்தான் அவருடைய உண்மையான தொழிலாக இருந்தது.

சொல்லும் விதத்தை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொள்வார். காகிதத்தை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடிப்பார். படிக்கும் முன்பே சிரிப்பு வந்துவிடும். எதிரே நிற்கிறவர்கள் காகிதத்தைப் பார்க்க மாட்டார்கள், அவர் வாயைத்தான் பார்ப்பார்கள். “ஒண்ணும் ஆவாது. வூட்டுக்குப் போ” என்பார். எல்லாருக்கும் அதுதான். எழுதிய எண் இரண்டாக இருந்தாலும் இருநூறாக இருந்தாலும் அவர் வாய்க்கு வரும்போது அது ‘ஒண்ணும் ஆவாது’ ஆகிவிடும்.

எங்கள் தெருவில் ஒரு பிள்ளைக்கு டெங்கு வந்தது. ரத்தத்தில் தட்டணுக்கள் மளமளவென்று குறைந்துகொண்டிருந்தன. அந்தப் பிள்ளையின் அம்மாவிடம், நாளைக்கு ஏறிடும் பாரு என்றார். மறுநாள் ஏறியது. அந்தப் பெண் இன்றைக்கும் அவர் சொன்னதால்தான் ஏறியது என்கிறாள். அதே தெருவில் ஒரு கொத்தனார். சர்க்கரை தாறுமாறாக இருந்தது. கொஞ்சம்தான் கூட இருக்கிறது, டீயில் சர்க்கரையைக் குறைத்துக்கொள் என்று அனுப்பிவிட்டார். கொத்தனார் டீயில் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டார். இரண்டு வருஷத்தில் காலை எடுக்க வேண்டியதாயிற்று. அவர் நல்லாத்தான் சொன்னாரு, எங்க தலையெழுத்து இப்படி ஆச்சு என்றாள் கொத்தனார் மனைவி. ஏறினால் அவர் வாக்கு, அழுகினால் தலையெழுத்து. இப்படி ஒரு வசதி வேறு எந்தத் தொழிலில் உண்டு என்று எனக்குத் தெரியவில்லை.

தன் வீட்டிலும் அதைத்தான் செய்தார். அவர் மனைவிக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய்க்கொண்டிருந்தது. மாசாமாசம் தானே ரத்தம் எடுத்து, தானே முடிவைப் பார்த்து, உப்பு கொஞ்சம் கூட இருக்கு என்று மட்டும் அந்த அம்மாளிடம் சொல்லிவந்தார். லேப் பெஞ்சில் உட்கார்ந்து என்னோடு பேசிக்கொண்டிருப்பார் அந்த அம்மாள். திருச்சியில் இருக்கிற அக்காவைப் பார்த்துப் பத்து வருஷம் ஆகிறது, ஆடி கழிந்ததும் போய் ஒரு மாசம் இருந்துவிட்டு வரப்போகிறேன் என்றார். ஆடி பிறக்கும் முன்பே செத்துப்போனார். கடைசிவரைக்கும் அந்தம்மாவுக்குத் தெரியாமலே பார்த்துக்கொண்டாரே என்று ஊர் மெச்சியது. அக்காவைப் போய்ப் பார்த்திருக்க வேண்டிய நாட்களை அந்தப் பெண்ணிடமிருந்து அவர் எடுத்துக்கொண்டார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவர் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. அவர் ஊசி குத்தினால் குத்தியதே தெரியாது. நடவுக் காலத்தில் கூலிக்குப் போகிற பெண்கள் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வர வேண்டாம் என்று விடிகாலையிலேயே மொபெட்டில் அவர்கள் தெருவுக்குப் போய் ரத்தம் எடுத்துவருவார். மற்றவர்கள் வாசலோடு நிற்கிற வீடுகளில் உள்ளே போய் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடிப்பார். இதையெல்லாம் மறைத்தால் நான் பொய் சொன்னதாக ஆகும். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாகப் போயிருக்கும்.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

கல்யாணமாகி மூன்றாவது வருஷம் எனக்கு முதல் கர்ப்பம். கிராம நர்ஸ் பெயரைப் பதிந்து, மாத்திரை கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஏழாவது வாரம் இடது அடிவயிற்றில் வலி, கொஞ்சம் ரத்தம். காஞ்சிபுரத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பையில் தங்க வேண்டிய கரு இடது கருக்குழாயில் தங்கிவிட்டது. அங்கே அது வளர முடியாது. வளர்ந்தால் குழாய் வெடித்து என் உயிருக்கே ஆபத்து.

டாக்டர் ஒரு பெண். சிரிக்கவே மாட்டார். கரு சின்னதாக இருக்கிறது, துடிப்பு இல்லை, அதனால் ஆபரேஷன் இல்லாமல் ஊசி போட்டுக் கரைத்துப் பார்க்கலாம் என்றார். கண்டிப்பா சரியாயிடுமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

“தெரியாது” என்றார் டாக்டர். “ரத்தத்துல கர்ப்ப ஹார்மோன் அளவு கம்மியா இருந்தா ஊசி வேலை செய்ய வாய்ப்பு அதிகம். ஜாஸ்தியா இருந்தா கம்மி. இவங்களுக்கு நடுவுல இருக்கு. ஊசி போட்டு நாலாம் நாளும் ஏழாம் நாளும் ரத்தம் பார்த்தாத்தான் சொல்ல முடியும்.”

பிறகு ஊசியைப் போட்டு, ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். நாலாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் நடுவில் அந்த அளவு நூற்றுக்குப் பதினைந்தாவது குறைய வேண்டும். குறையாவிட்டால் இன்னொரு ஊசி, இல்லையென்றால் ஆபரேஷன். முடிவு எதுவாக இருந்தாலும் அன்றைக்கே போன் செய்ய வேண்டும். நர்ஸ் கொடுத்த ஃபோலிக் மாத்திரை ஊசியின் வேலையைக் கெடுக்கும், அதை நிறுத்த வேண்டும், கீரையும் கூடாது, வலி மாத்திரை போடக்கூடாது. மூன்று தடவையும் ஒரே லேபில் பார்த்தால்தான் ஒப்பிட முடியும். முதல் ரத்தம் லேப் சாரிடம் எடுத்தது, அதனால் அங்கேயே தொடரச் சொன்னார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் வீட்டுக்காரர் முனகிக்கொண்டே வந்தார். தெரியாது என்று சொல்வதற்கு எதற்கு டாக்டர் என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அந்த ஒரு வார்த்தை எங்களைப் பாடாய்ப் படுத்தியது. தெரியும் என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று தவித்துக்கொண்டிருந்தோம். அப்படிச் சொல்கிற ஆள் உத்திரமேரூரில் இருந்தார்.

முதல் நாள் அளவு இரண்டாயிரத்து எண்ணூற்று நாற்பது. நாலாம் நாள் மூவாயிரத்து இருநூறு. குறைய வேண்டியது ஏறியிருக்கிறதே என்றேன். லேப் சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். ஏறினால் மருந்து பிடித்துக்கொண்டது என்று அர்த்தம் என்றார். நம்பாமல் டாக்டருக்குப் போன் போட்டோம். ஆரம்பத்தில் கொஞ்சம் ஏறுவது உண்டு, ஏழாம் நாள்தான் முக்கியம் என்றார் டாக்டர். அவ்வளவுதான். லேப் சார் தன் வாய்க்கு வந்ததைச் சொன்னார், அது தற்செயலாகப் பொருந்திவிட்டது. எங்கள் வீட்டில் அன்றிலிருந்து அவரும் டாக்டரும் ஒன்றாகிவிட்டார்கள். அவராவது சிரித்துக்கொண்டே சொல்கிறார் என்றார் மாமியார்.

ஏழாம் நாள் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது.

“எறங்கிடிச்சி கண்ணு” என்றார். “ஒண்ணும் ஆவாது. வூட்டுக்குப் போயி நிம்மதியா தூங்கு.”

என் வீட்டுக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வழியில் பக்கோடா வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனோம். டாக்டருக்கு யாரும் போன் செய்யவில்லை. கெட்ட செய்தி என்றால்தானே டாக்டரைத் தொந்தரவு செய்ய வேண்டும், நல்ல செய்தியை அடுத்த வாரம் நேரில் போகும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தோம். எங்கள் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

அதிலிருந்து மூன்றாம் நாள் மத்தியானம் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். வயிற்றுக்குள் ஏதோ பிய்ந்தது. அப்புறம் சம்பந்தமே இல்லாமல் தோள்பட்டையில் வலி. கொடிக்கயிற்றைப் பிடித்தது வரைக்கும்தான் நினைவிருக்கிறது. ஆம்புலன்ஸில் காஞ்சிபுரம் கொண்டுபோனார்கள். வயிறு முழுக்க ரத்தம். இடது குழாயை எடுத்துவிட்டுத்தான் என்னைப் பிழைக்க வைத்தார்கள். ஏழாம் நாள் ரிப்போர்ட் எங்கே என்று டாக்டர் கேட்டிருக்கிறார். என் வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறார். இதுக்குப் பேர் இறங்கினது இல்ல என்றாராம் டாக்டர்.

லேப் சார் ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஒரு பை நிறையச் சாத்துக்குடி. என் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு அதே சிரிப்போடு சொன்னார்.

“இன்னொரு குழா கீது இல்ல. ஒண்ணும் ஆவாது கண்ணு.”

நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். மாமியார் பிளாஸ்கிலிருந்து அவருக்குக் காபி ஊற்றிக் கொடுத்தார். வயிற்றில் தையல் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் அந்தக் காபியைத் தட்டிவிட்டிருப்பேன்.

எழுந்து நடக்க முடிந்ததும் முதல் வேலையாக லேபுக்குப் போனேன். பெஞ்சில் ஆட்கள் இருந்தார்கள். இருக்கட்டும் என்றுதான் போனேன். அவருடைய லெட்டர்பேடையே இழுத்து, அவருடைய பேனாவாலேயே மூவாயிரத்து இருநூறு, அதன் கீழே இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது என்று எழுதி, இது நூற்றுக்கு எத்தனை குறைந்திருக்கிறது, போட்டுக் காட்டுங்கள் என்றேன். அவர் பேனாவை வாங்கிக்கொள்ளவில்லை. நானே போட்டேன். நூற்றுக்கு ஏழு கூட வரவில்லை. பதினைந்து வேண்டும் என்று டாக்டர் எழுதிய சீட்டையும் பக்கத்தில் வைத்தேன்.

“எறங்குனத எறங்கிச்சின்னுதான கண்ணு சொன்னேன்” என்றார். “பொய்யா சொன்னேன்? நீ மூஞ்சிய அப்பிடி வெச்சிக்கினு நின்னா நான் வேற இன்னா சொல்லுவேன்?”

இதுதான் என்னை அடித்துப்போட்டது. அவர் பொய் சொல்லவில்லை. எண் இறங்கித்தான் இருந்தது. எவ்வளவு இறங்கினால் போதும் என்பதைத்தான் அவர் கேட்டுக்கொள்ளவே இல்லை, யார் விஷயத்திலும் கேட்டுக்கொண்டதில்லை. இறங்கிடிச்சி, ஏறிடிச்சி, அதற்குமேல் அவருக்கு ஒன்றும் தேவைப்படவில்லை.

ஆனால் எனக்கு என்ன கேடு? நான் ஏழாம் வகுப்புக்குச் சதவீதம் சொல்லிக்கொடுக்கிறவள். தள்ளுபடி, லாபம், நஷ்டம் என்று வருஷா வருஷம் கரும்பலகையில் போட்டுக் கை தேய்ந்தவள். கழித்து, வகுத்தால் முடிந்தது, ஒரு நிமிஷ வேலை. டாக்டர் எழுதிய சீட்டு அன்றைக்கு என் கைப்பையில்தான் இருந்தது. நான் அதை வெளியே எடுக்கவில்லை. அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததும் எனக்குக் கணக்கு வேண்டாமென்று ஆகிவிட்டது. அவர் சொன்ன மூஞ்சியை நான் வைத்துக்கொண்டுதான் நின்றிருக்கிறேன். இதை நினைக்கும்போது அவர்மேல் வருகிற கோபத்தைவிட என்மேல் வருகிற கோபம் பெரிதாக இருக்கிறது. அதற்காக அவர்மேல் உள்ளது குறைந்துவிடவும் இல்லை.

வீட்டில் யாரும் என் பக்கம் பேசவில்லை. பாவம், நல்லதுதானே நினைத்தார் என்றார் என் வீட்டுக்காரர். ஊரில் நான் லேபில் போய்ச் சண்டை போட்டதுதான் பேச்சாக இருந்தது. நல்ல மனுஷனை நாலு பேருக்கு முன்னால் அழவைத்துவிட்டாளாம். அவர் ஒன்றும் அழவில்லை. நான் வாசல் தாண்டும் முன்பே அடுத்த ஆளிடம் ஒண்ணும் ஆவாது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டரை வருஷம் கழித்து மறுபடி கர்ப்பம். மறுபடி குழாயில். இருக்கிற ஒரே குழாயில்.

ஒரு தடவை அப்படி ஆனவர்களுக்கு மறுபடியும் ஆவது உண்டு என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அதனால் இந்தத் தடவை நாள் தள்ளியதுமே போனேன். அளவு தொள்ளாயிரத்துப் பத்துதான். அதே ஊசியைப் போட்டார் டாக்டர். போன தடவையைவிட நம்பிக்கை அதிகம், ஆனாலும் தெரியாது என்றார். இந்தத் தடவை அந்தத் தெரியாது எனக்கு மரியாதையாகப் பட்டது. என்னிடம் ஒருவர் உண்மை பேசுகிறார் என்று இருந்தது. குழாய் போய்விட்டால் தானாகக் குழந்தை உண்டாவது என்பது இனி எனக்குக் கிடையாது. அதையும் அவர் மறைக்கவில்லை.

ரத்தத்தை மூன்று தடவையும் லேப் சாரிடமே கொடுத்தேன். காஞ்சிபுரத்திலேயே கொடுக்கலாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். நான் கேட்கவில்லை. ரத்தத்தில் என்றைக்கும் தப்பு வந்ததில்லை, தப்பெல்லாம் வாயில்தான். அந்த மனுஷர் என் எண்ணை எழுதிக்கொண்டு என் எதிரில் உட்கார வேண்டும் என்று எனக்கு இருந்தது. வேண்டுமென்றேதான் போனேன். முதல் நாளே சொல்லிவிட்டேன்.

“நம்பர மட்டும் எழுதிக் குடுங்க சார். வாயத் தொறக்காதீங்க.”

தலையாட்டினார். நாலாம் நாள் எண்ணூற்று அறுபது என்று எழுதி, காகிதத்தை மேஜைமேல் வைத்து என் பக்கம் தள்ளினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் ஊசி குத்தியது அன்றைக்குத்தான் எனக்கு முதல்முறையாக வலித்தது.

ஏழாம் நாள் சாயங்காலம் பெஞ்சில் நாலைந்து பேர் இருந்தார்கள். போனில் எண்ணைக் கேட்டு எழுதினார். நானூற்றுத் தொண்ணூறு. எழுதி முடித்தபிறகும் காகிதத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றவில்லை. நான் பிடுங்காத குறையாக வாங்கினேன். எண்ணூற்று அறுபதில் முந்நூற்று எழுபது போயிருக்கிறது. நூற்றுக்கு நாற்பத்து மூன்று. மனசுக்குள்ளேயே போட்டுவிட்டேன். முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டேன்.

“இது போதுமாம்மா?” என்று கேட்டார்.

ஊருக்கெல்லாம் சொன்னவர் என்னிடம் கேட்கிறார். எழுந்து நின்று கேட்கிறார். ஒரு தலையாட்டல் போதும். நான் காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ஜூஸ் கடை ஓரம் நின்று டாக்டருக்குப் போன் செய்தேன். நல்லா இறங்கியிருக்கு, பூஜ்யம் ஆகும்வரை வாரா வாரம் பாருங்க என்றார். லேப் வாசலில் வந்து நின்று அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கையில் ரத்தம் எடுக்கக் கட்டுகிற ரப்பர் பட்டை. உள்ளே ஒருவர் கையை நீட்டிக்கொண்டு காத்திருந்திருப்பார். நான் அவர் பக்கம் திரும்பாமல் பெருநகர் பஸ்ஸில் ஏறினேன். ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று, ஒரு வார்த்த சொல்லிட்டுப் போம்மா என்றார். பஸ் கிளம்பியது.

மறுநாள் காலை லேபைத் திறக்காமல் மொபெட்டை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். நான் அடுப்படியில் இருந்தேன். வாசலில் பேச்சுக்குரல் கேட்டு வெளியே வருவதற்குள் மாமியார் சொல்லி முடித்துவிட்டார், டாக்டரம்மா நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள், பயம் ஒன்றும் இல்லை என்று. அவர் மொபெட்டுக்குப் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். குனிந்த தலை. தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லாமலே வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

எனக்கு இரக்கம் வரவில்லை. மாமியார்மேல்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. உங்களை யார் அத்தை சொல்லச் சொன்னது என்று கத்தினேன்.

“இன்னாமே நீ” என்றார் மாமியார். “ராத்திரி பூரா கண்ண மூடலியாம் அந்த மனுசன்.”

ஒரு ராத்திரிதான். அடுத்த ரத்தம் கொடுக்க நான் போகிறவரை, தெரியாமல் தவிக்கட்டும் என்று அவருக்கு முழுசாக ஒரு வாரம் வைத்திருந்தேன்.